கடைசிக் கதிரைக்காரர்

1963 ஜூன் 12, புதன்.

நேற்று, இல்லாத ஒருவரின் பெயரை ஏல ஏட்டில் எழுதினேன். சின்னப் பிழை என்றே நினைத்தேன்.

விலையை ஏற்றுவதற்காக அல்பிரட் முதலாளி வெறுமையான கடைசிக் கதிரையைப் பார்த்து, யாரோ கேட்டதுபோலத் தலையாட்டுவார். நான் ஏதாவது ஒரு பெயரை எழுதிக்கொள்வேன். நேற்று தபால் முத்திரை ஆல்பத்துக்கு ‘மத்தியாஸ்’ என்று எழுதினேன். அது ஐவி ரீச்சரின் இறந்துபோன அண்ணன் சேர்த்தது. ரீச்சர் விடாமல் கேட்டார். பிறகு ஏலாமல் நிறுத்திவிட்டார். முதலாளியின் சுத்தியல் மத்தியாசுக்கு விழுந்தது.

“இல்லாத ஆளுக்கு வித்துப்போட்டமடா!” என்று முதலாளி சிரித்தார். “அலுமாரியில வச்சுப் பூட்டு. அடுத்த கிழமை திரும்ப விடுவம்.”

இன்று காலை பூட்டு அப்படியே இருந்தது. ஆல்பம் இல்லை. ஏட்டில் மத்தியாசுக்கு எதிரே, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து இருந்தது. நானே எழுதினேனோ என்று மூன்று தரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னுடையதல்ல.

மாலை வகுப்புக்குப் போகும் வழியில் ரீச்சரிடம் உண்மையைச் சொன்னேன்.

“பின்னால ஒருத்தரும் இருக்கேல்லை, ரீச்சர். நாங்கள் ஏமாத்தினனாங்கள்.”

“என்ன விசர்க்கதை, தம்பி? நான் திரும்பிப் பாத்தனான். அவர் இருந்தவர்.”

“உங்களோட கதைச்சவரோ?”

“இல்லை. அவர் உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர். நீர் எழுதி முடிக்குமட்டும்.”

நாளை மணிக்கூடுகள் ஏலம். அதே பெயரை எழுதும்படி முதலாளி சொல்லியிருக்கிறார். எட்டு மணிக்குள் கதிரைகளைப் போட வேண்டும், கடைசிக் கதிரையையும்.