மூன்று நாள் மணல்

கடல்மீன் தொட்டியின்மேல் கட்டிய வலைத்துண்டை ஜெயவேல் அவிழ்க்கிறான். மீன் துள்ளி வெளியே விழாதிருக்க அவனே கட்டியது. இன்னொரு கையில் குழம்புக் கரண்டி. மூன்று நாளைக்கு முன் அவன் மனைவி வினிதா வாங்கிவந்த விரல் நீள மஞ்சள் மீன், தொட்டியில் விட்ட கணமே மணலுக்குள் பாய்ந்து புதைந்தது, இன்னும் தலைகாட்டவில்லை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போகிறது. அந்த அதிர்வில் தொட்டிக்குள் பவளங்களின்மேல் நீல வெளிச்சம் நடுங்குகிறது. "செத்துப்பூட்ச்சும்மே. தோண்டி எட்துர்றேன், தண்ணி கலீஜாய்டும்." தலை வாரிக்கொண்டிருக்கும் வினிதா திரும்பவில்லை. "தோண்டுனாதான் சாவும். புது எடம், பயந்துகினு படுத்துகீது. செத்த மீனு மூணு நாளு நாறாம இர்க்குமா? மீன் புடிக்க லாஞ்சுல போறவன்தானே நீ, மோந்து பாரு." அவன் குனிந்து மோந்து பார்க்கிறான். உப்பு வாசம் மட்டும். அப்போது மாவு போன்ற மணல் ஓரிடத்தில் விரிகிறது. மஞ்சள் மூக்கு, பிறகு ஒரு கண். அந்தக் கண் உருண்டு, அவனைப் பார்த்து, கரண்டியைப் பார்த்து, மறுபடி மணலுக்குள் போய்விடுகிறது. "கரண்டியோட நின்னா எவன் வருவான்?" என்கிறாள் வினிதா, சீப்பை வாயில் கவ்வியபடி. அறுநூறு கிலோ வலையை இழுக்கிற கை, கரண்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைக்கிறது.