தொங்கு காது யானை

"இது யானையாம்மா? பெருச்சாளி மாதிரி இருக்கு!"

லாரி அதிபர் கணினித் திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் வைத்துச் சிரித்தார். ஊர் ஊராக வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனம் அவருடையது. எல்லா லாரியிலும் ஒட்ட ஒரு லோகோ வேண்டும். காகிதத்தை மடித்துச் செய்தது போல ஒரு நீல யானை.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள் அதைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தவள். மேசைக்கடியில் அவளுடைய முதலாளியின் செருப்பு அவள் காலை மிதித்தது. மூடிக்கொண்டாள்.

லோகோ, விளம்பரம் வரைந்து கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு 'மிளகாய்' என்று பெயர். சும்மா வைக்கவில்லை. போன மாதம் ஒரு கடைக்காரர், "எழுத்தைப் பெருசாக்கு, இன்னும் பெருசாக்கு" என்று உயிரை எடுத்தபோது, "இதுக்கு மேல பெருசா வேணும்னா பக்கத்துக் கடைச் சுவரையும் சேர்த்து வாங்கிடுங்க சார்" என்றுவிட்டாள். போனவர் போனவர்தான்.

அன்றிலிருந்து முதலாளிக்கு ஒரே பாட்டு. இன்று காலையிலும் பாடினார். "வேலை நல்லாத்தான் செய்யறே. வாய்தான் உனக்கு எமன். இந்த ஆர்டரும் கைவிட்டுப் போச்சுன்னா, உன்னை நிரந்தரமாக்கற பேச்சே கிடையாது. வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

அவள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரேறிவிட்டது. வேலை மட்டும் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்ற ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போன வாரமே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்றார் அதிபர். " மடிச்சும் காட்டினேன். காகிதம்னா காகிதமா இருக்கணும், கம்ப்யூட்டர் வாடையே வரக்கூடாதுன்னு. இந்தக் காதைப் பாரு, ஈரத்துணி மாதிரி தொங்குது. வயித்துல என்ன இவ்வளவு சுருக்கம்? காகிதம் இப்படியா சுருங்கும்?"

"அதானே!" என்றார் முதலாளி. "ஒரு மைல் தள்ளி நின்னு பார்த்தாலே தெரியுது சார், கம்ப்யூட்டர் வேலைன்னு."

மிளகாய் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார்.

"நிழலும் தப்பு" என்றார் அதிபர். "இதை மடிச்சவனுக்குக் கை இருக்கா, இல்ல காலால மடிச்சானா?"

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம்.

"ஏம்மா, வாயையே திறக்க மாட்டேங்கறே?"

"தொண்டை கட்டிக்கிச்சு சார் அவளுக்கு" என்று முதலாளி முந்திக்கொண்டார். "வாங்க, நாம ஒரு டீ சாப்பிட்டு வரலாம். அதுக்குள்ள சரி பண்ணிடுவா."

"வெந்நீர் குடிம்மா" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார் அதிபர்.

கதவு மூடியதும் அவள் கணினியில் இன்னொரு கோப்பைத் திறந்தாள். அதுவும் யானைதான். நாள் கணக்கில் உட்கார்ந்து கோடு கோடாக இழுத்து ஏற்கெனவே முடித்து வைத்தது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு தனி அடுக்கு. வெளிச்சம் படுகிற பக்கம் வெளிர்நீலம், உள்ளே மடிகிற பக்கம் கருநீலம், ஓரத்தில் முடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு, காலடியில் மங்கலாக நிழல். காகிதத்தின் தூசிகூட அதன் மேல் பட்டதில்லை. தும்பிக்கை முதல் வால் வரை மவுஸ் பெற்ற பிள்ளை.

சரிசெய்ய ஒன்றுமில்லை. இதையும் வேண்டாம் என்றுவிட்டால்? டீ குடிக்கப் போனவர்கள் திரும்பும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்த அதிபர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடேங்கப்பா! இது காகிதம்! அந்த மடிப்புல விரலை வச்சா அறுத்துடும்போல இருக்கே!"

"நானும் அதைத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றார் முதலாளி.

"நான் மடிச்ச யானையை அப்படியே தூக்கி வச்ச மாதிரி இருக்கு. பார்த்தியாம்மா? பெரியவங்க சொல்றதைக் காதுல வாங்கினாத்தான் வேலை உருப்படும்."

செருப்பு மறுபடி அவள் காலைத் தேடி வந்தது. தேவைப்படவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அதிபர் எல்லா லாரிக்கும் இதே யானை, விசிட்டிங் கார்டுக்கும் இதே யானை என்று சொல்லிவிட்டு, தன் கண்ணின் கூர்மையைத் தானே மெச்சிக்கொண்டு படியிறங்கினார்.

லாரி அதிபரின் கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் முதலாளி மூச்சே விட்டார்.

"அம்மா தாயே! நீ வாயை மூடிக்கிட்டு இருந்து இன்னிக்குத்தான் பார்க்கறேன். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க? திங்கட்கிழமை வா, நிரந்தர ஆர்டரைக் கையில கொடுத்துடறேன்."

"இப்பவே அடிச்சுக் கொடுங்க சார். பிரிண்டர் உங்க முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு."

அந்தக் காலையில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, நகத்தால் அழுத்தி நேராக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்கணும்" என்றார் முதலாளி. "இவ்வளவு அழகா வரையத் தெரிஞ்சவ, அந்த முதல் கண்றாவியை எதைப் பார்த்து வரைஞ்சே?"

மிளகாய் மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து அவர் முன் வைத்தாள். வெள்ளைக் காகிதத்தில் மடித்த ஒரு யானை. ஒரு காது தொங்கியிருந்தது, வயிற்றில் ஏகப்பட்ட சுருக்கம்.

"அது வரைஞ்சது இல்ல சார், போட்டோ. நீலம் மட்டும்தான் நான் பூசினது" என்றாள். "போன வாரம் அவர் தன் கையால மடிச்சு, 'அச்சு அசல் இப்படியே வேணும்'னு என்கிட்ட கொடுத்துட்டுப் போன யானை இதுதான்."