நாலு மணி நேரம்

தேரி என்னும் செம்மணல் பாலைவனத்தில் கம்பெனி முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் தாசனுக்குத் தீராத முதுகுவலி. மணல்மேடுகளில் லாரி தூக்கித் தூக்கிப் போட்டதில் இடுப்பே விட்டுப்போயிருந்தது. மெக்கானிக்கான அவன் மனைவி மரியபுஷ்பம் பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த, ஆனால் குலுக்கலை நன்றாகத் தாங்கும் உயரமான ஸ்பிரிங்குகளை மாட்டினாள்.

சாவியைத் திருகியதும் லாரியின் கணினி அவற்றை அடையாளம் கண்டுகொண்டது. முகாமுக்குப் போய்ச்சேர ஆறு மணி நேரம் என்று காட்டிவந்த திரை, நாலு மணி நேரம் என்று மாறியது. திரை காட்டும் நேரத்துக்குப் பிந்தினால் கம்பெனியில் வேலை போய்விடும்.

"முதுகுக்குத்தானே மாத்தினோம், புஷ்பம்? இந்த மணல்ல நாலு மணி நேரத்துல போனா வண்டி கவுந்துரும்லா!"

"இறங்குங்க. பழசையே மாட்டிடுதேன்."

வியர்வை வழிய மாட்டி முடித்தாள். தாசன் மறுபடி சாவியைத் திருகினான். திரையில் அதே நாலு மணி நேரம். கம்பெனிக் கணக்கில் ஒருமுறை குறைந்த நேரம் மறுபடி ஏறாது.

பிறகு அவள் புதிய ஸ்பிரிங்குகளையே எடுத்து வந்தாள். இந்த முறை ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை இறுக்கினாள்.

அவன் கிளம்பும்போது, "மெதுவாப் போங்க" என்று வழக்கமாகச் சொல்வதை அன்று அவளால் சொல்ல முடியவில்லை.