ஈரமாக இருக்கும்போதே

"முதல்ல சீப்பைக் கீழே வைங்க" என்றது காதில் மாட்டிய இயர்போனில் இருந்த குரல்.

வைத்தாள்.

குளியலறையில், கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. தோளில் துண்டு, முகத்தில் கடுகடுப்பு. தலையில் இருந்ததை முடி என்பதைவிடக் கலவரம் என்று சொல்லலாம். ஒவ்வொரு இழையும் தனித்தனிக் கட்சி. கூட்டணிக்கு வாய்ப்பே இல்லை.

கூடத்தில் பைக் சாவி கிலுங்கியது. கணவன்.

"இன்னுமா ஆகல? ஞாயித்துக்கிழமை. சலூன்ல கூட்டம் சேர்ந்துடும்."

"வர்றோம். வராமலும் இருக்கலாம்" என்றாள் அவள்.

ஒப்பந்தம் அதுதான். இன்று முடி அடங்கினால் தப்பித்தது. அடங்காவிட்டால் ஒட்ட வெட்டிவிடுவது. முடிவெடுத்தவள் சிறுமி. தலையாட்டியவன் அப்பா. நடுவில் புகுந்து கடைசியாக ஒரு வாய்ப்புக் கேட்டவள், இந்த வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன சித்தி.

கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. வகுப்புப் போட்டோ எடுத்த அன்று, உதவுகிறேன் பேர்வழி என்று, காய்ந்த தலையில் சன்னப்பல் சீப்பை விட்டு உச்சியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக வாரியவள் அவள்தான்.

நாடா போன்ற தன் முடிக்கு அவள் செய்வது அதைத்தான். இந்த முடிக்கு அது பெட்ரோல்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தலை இரண்டு மடங்காகிவிட்டது. போட்டோவில் பின் வரிசைப் பையனுக்கு முகமே இல்லை. அப்பாக்காரன் எலக்ட்ரீஷியன். "என்ன கண்ணு, ஷார்ட் சர்க்யூட்டா?" என்று தன் பங்குக்குத் தொழில் ஜோக் ஒன்றை அடித்தான். சிறுமி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சித்தியின் கை தலைப்பக்கம் வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

இன்று உட்கார்ந்திருக்கிறாள். இன்றும் சொதப்பினால் போவது முடி மட்டும் இல்லை. இந்தப் பெண் மறுபடி தன் முன்னால் முதுகைக் காட்டி உட்காரவே மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்காகத்தான் அந்தக் குரல்.

நம்பர் கிடைப்பதற்கே ரகசியமாக நாலு பேரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் தடவை 'ஹலோ' கேட்டதும் பயந்துபோய்க் கட் பண்ணிவிட்டாள். மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தாள். இதே மாதிரி முடியோடு பிறந்து, ஆயுசுக்கும் அதோடு மல்லுக்கட்டியவள் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி. கணவனுக்கு இது தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டாகும்.

"தலை நல்லா நனையட்டும். கண்டிஷனர் நிறைய எடுங்க, கஞ்சத்தனம் வேணாம். ஈரமா இருக்கும்போதே சிக்கெடுத்துடணும். காஞ்சப்புறம் சீப்பே காட்டாதீங்க."

"ம்."

"என்ன ம்?" சிறுமி திரும்பினாள். "காதுல என்ன, பாட்டா?"

"டியூஷன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். திரும்பு."

விரல்கள் உள்ளே போயின. நுனியிலிருந்து மேலே, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு சிக்கு மாட்டியது. சிறுமியின் தோள் இறுகியது. கண்ணை மூடிக்கொண்டு இழுப்புக்குக் காத்திருந்தாள்.

"இழுக்காதீங்க" என்றது குரல், பார்த்துக்கொண்டே இருப்பதுபோல. "வேர்ப்பக்கத்து முடியை ஒரு கையால பிடிச்சுக்குங்க. இன்னொரு கையால பிரிங்க."

பிடித்தாள். பிரித்தாள். சிக்கு சத்தமில்லாமல் சரணடைந்தது.

அடுத்தது. அதற்கடுத்தது. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. முட்டியில் தண்ணீர், கண்ணில் நுரை. விடுவதாக இல்லை அவள்.

"அலசியாச்சா? துண்டால தேய்க்காதீங்க. பழைய பனியன் இருந்தா அதுல ஒத்தி எடுங்க."

கொடியிலிருந்து ஒன்றை உருவினாள்.

"ஏய், அது என் பனியன்" என்றது கூடம்.

"இனிமே இல்ல."

சிறுமி சிரித்தாள். சின்னதாக. அந்தச் சிரிப்பைக் கேட்டதும், காதில் இருந்த குரல் ஏனோ அடுத்த வேலையைச் சொல்ல மறந்து நின்றது.

பனியனை எடுத்ததும் முடி விழுந்தது. பொங்கவில்லை, விறைக்கவில்லை. ஸ்பிரிங் ஸ்பிரிங்காகத் தோளில் வந்து படிந்தது. சிறுமி எழுந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். ஒரு சுருளை இழுத்துவிட்டாள். அது துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கே போனது. இன்னொன்றை இழுத்தாள்.

"அப்பா, சலூனுக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

சாவிச் சத்தம் நின்றுவிட்டது.

சித்தி சுவரில் சாய்ந்தாள். ஜெயித்துவிட்டாள். வெளியே காட்டிக்கொள்ளாமல் பெரிய பல் சீப்பை எடுத்தாள்.

"உக்காரு. வகிடு மட்டும் பாக்கி."

சிறுமி மறுபேச்சு பேசாமல் பக்கெட் மேல் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இங்க இருந்தப்ப அம்மாதான் வாரி விடுவாங்க. தினமும் அழுவேன். நீங்க வாரினா வலிக்கவே இல்ல."

சித்தியின் கை பதறிக் காதுக்குப் போனது. தாமதம். வார்த்தைகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

லைன் கட் ஆகவில்லை. கட் பண்ணத் தோன்றாமல், சிறுமிக்குக் கேட்கும்படி மன்னிப்புக் கேட்கவும் முடியாமல், சித்தி கையில் சீப்போடு நின்றாள்.

பிறகு குரல் வந்தது.

"வலது காதுக்குப் பின்னாடி பார்த்து வாருங்க. அங்க ஒரு சுழி இருக்கும். பொறந்தப்பவே இருந்துச்சு. அது போற பக்கமே வாரினா வலிக்காது. எனக்கு அது ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது."