பறக்கத் தடை

துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறி பார்த்தான்.

குண்டு இல்லாத துப்பாக்கி. ட்ரோனுக்கும் அதை ஓட்டுபவருக்கும் இடையே உள்ள சிக்னலை அறுப்பது. விசையை அழுத்தினால் போதும். பறப்பது திகைத்துப்போய் அதே இடத்தில் இறங்கிவிடும்.

அதே இடத்தில், கீழே கொள்ளிடம்.

செம்மண் நிறத்தில், கரையை முட்டிக்கொண்டு ஓடியது. நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு. அதில் ஆடு மேய்க்கப் போன கணவனும் மனைவியும். காலையில் இருந்த திட்டில் இப்போது பாதிதான் மிச்சம். ஆடுகள் ஒன்றுகூட இல்லை.

தீயணைப்புப் படகு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்திலிருந்து இன்ஸ்பெக்டர்.

“யோவ், ஆத்துக்கு மேல ஏதோ பறக்குதுங்கிறாங்க. பாத்தியா இல்லியா?”

“பாத்துட்டேன் சார்.”

“அப்புறம் என்னய்யா? எறக்கு.”

வெள்ளத்தைப் பார்வையிட அமைச்சர் வருகிறார். அதனால் மாவட்டம் முழுக்க ட்ரோன் பறக்கத் தடை. மீறினால் இறக்கத்தான் இந்தப் புதுத் துப்பாக்கி. மாவட்டத்துக்கே ஒன்று. பயிற்சிக்குப் போய்வந்த போலீஸ்காரன் அவன் மட்டும்.

பயிற்சியில் ஒரு படம் காட்டினார்கள். ஹெலிகாப்டரின் இறக்கையில் ஒரு சின்ன ட்ரோன் மோதுகிறது. அதன் பிறகு ஹெலிகாப்டர் இல்லை.

உத்தரவு வெறும் பந்தாவுக்குப் போட்டதல்ல. அது அவனுக்குத் தெரியும்.

ட்ரோனின் வயிற்றில் நைலான் கயிறு தொங்கியது. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன். மகளிர் குழுவுக்கு அரசாங்கம் கொடுத்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்து, சான்றிதழும் கொடுத்தது. ஓட்டுகிறவள் சத்யகலா. அவனுக்குக் கூப்பிடு தூரத்தில், கரைச்சரிவில் நின்றாள். கழுத்தில் மாட்டிய ரிமோட்டின் மேல் இரண்டு கட்டைவிரல்களும் இருந்தன.

துப்பாக்கியைப் பார்த்துவிட்டாள். விரல்களை எடுக்கவில்லை.

“சார், கயிறு மட்டும் போய்ச் சேரட்டும். அதுக்கப்புறம் என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கங்க.”

கரையில் இருந்த மொத்த ஊரும் அவன் விரலைப் பார்த்தது.

வாக்கி டாக்கி மறுபடியும் கரகரத்தது.

“எறக்குனியா?”



காற்று ட்ரோனைப் பக்கவாட்டில் தள்ளியது. கயிறு தண்ணீரில் பட்டு இழுபட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்றினாள். திட்டில் இருந்தவன் இரு கைகளையும் நீட்டி எட்டிப் பிடிக்கப் பார்த்தான். எட்டவில்லை. மறுபடியும் எம்பினான். எட்டவில்லை.

“ஏய், லைன்ல இருக்கியா?”

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கிழக்கே, மேகத்துக்குப் பின்னால். தடதடவென்று.

குறி தவறாமல்தான் இருந்தது. விரல் விசையின் மேல் இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது.

அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள். பிறகு ட்ரோனைத் திட்டிலேயே இறக்கினாள். மணலில் அது உட்கார்ந்தது. ஆணும் பெண்ணும் பாய்ந்து கயிற்றை அவிழ்த்தார்கள்.

திருப்பிக் கொண்டுவரக் கொஞ்சம் நேரம் இருந்தது. அவன்கூட அதைத்தான் எதிர்பார்த்தான்.

அவள் வானத்தை இன்னொரு தடவை பார்த்தாள். ரிமோட்டை அணைத்தாள்.

ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனது. அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நைலான் கயிற்றின் கரைப்பக்க நுனியில் தேர் வடம்போல் தடித்த கயிற்றைக் கட்டிவிட்டார்கள். திட்டில் இருந்தவன் அதை இழுத்து அங்கிருந்த கருவேல மரத்தில் இறுக்கினான். அந்தக் கயிற்றில் கோத்த லாரி டியூப் போனது. முதலில் அந்தப் பெண். அப்புறம் அவள் புருஷன். ஊரே சேர்ந்து இழுத்தது. துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டு அவனும் இழுத்தான். உள்ளங்கை உரிந்தது தெரியவில்லை.

அவர்கள் கரையேறியபோது திட்டு இல்லை. ட்ரோனும் இல்லை.

சத்யகலா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒருத்தி அவள் கழுத்திலிருந்த ரிமோட்டைக் கழற்றித் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

“என்னாச்சு?”

“எறங்கிடுச்சு சார். ஆத்தோட போயிருச்சு.”

“யாருய்யா ஓட்டுனது?”

“தெரியல சார்.”

வேலையில் சேர்ந்த பிறகு ஓர் அதிகாரியின் முகத்தைப் பார்த்து அவன் சொன்ன முதல் பொய். குரல் அவனுடையதுபோல் இல்லை.

இன்ஸ்பெக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“யாரு ஓட்டுனது? கேக்குறேன்ல?”

 ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் சுருட்டுவதை நிறுத்தினார்.

அப்போது, ஆற்றிலிருந்து வந்த பெண் எழுந்தாள். போர்த்தியிருந்த போர்வை நழுவியது. நிற்க முடியாமல் புருஷன் தோளில் சாய்ந்துகொண்டாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“யாரு தாயி அத ஓட்டுனது?”

இரண்டு கைகளையும் குவித்திருந்தாள்.

“சொல்லுங்களேன். ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிறேன்.”

இன்ஸ்பெக்டரும் காத்திருந்தார்.

சத்யகலாவின் அருகில் நின்றவள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

அந்தப் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சத்யகலா அதை உயர்த்தினாள்.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்கவில்லை.

இவனைப் பார்த்தார்.