நிலவறை மேசை

அயோவாவின் பனி போதும், வீட்டை விற்றுவிட்டு அரிசோனா போய்விடலாம் என்று லொரெய்ன் முடிவெடுத்திருந்தார். நிலவறையில் ஒரு விளையாட்டு அறை இருந்தால் சீக்கிரம் விற்கும் என்றார் தரகர். ஓய்வுபெற்ற தச்சரான லொரெய்னின் கணவர் வெர்னன் தானே வேலையில் இறங்கினார். குளிர்காலம் முழுக்கச் சுவருக்குப் பலகை அடித்தார், பில்லியர்ட்ஸ் மேசை செய்தார்.

"அப்பல்லாம் சூறாவளி சைரன் அடிச்சா பசங்களோட இங்கதான ஓடி வருவோம்? கரண்ட் போனாலும் சின்னவன் சீட்டைக் கீழ வைக்க மாட்டான்" என்றார் வெர்னன் ஒருநாள்.

"இருட்டுல ஏமாத்துவான். உன் புள்ளதானே!" லொரெய்ன் சிரித்தார்.

வசந்தத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். வீடு பிடித்திருந்தது. மேசையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். மேசை படியில் ஏறவில்லை. அதை அறுக்க வெர்னன் சம்மதிக்கவில்லை. அவர்கள் வேறு வீடு வாங்கிக்கொண்டார்கள்.

லொரெய்னுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஆயுசு பூரா தச்சு வேலை பார்த்த மனுஷன், படியை அளக்காமலா மேசை செஞ்ச?"

வெர்னன் பந்துகளை முக்கோணமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அளந்தேன் லொரெய்ன். மரம் வாங்குறதுக்கு முன்னாடியே அளந்தேன்."