இனி நவம்பரில் ஆட்டமில்லை

கடைசி விசில் ஊதியபோது வெண்டலின் அணி ஜெயித்திருந்தது.

சிவப்புச் சட்டைக் கூட்டம் தடுப்புக் கம்பிகளைத் தாண்டி மைதானத்துக்குள் கொட்டியது. மாணவர்கள் கோல் கம்பத்தில் தொற்றி ஏறி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். காவலர்கள் தடுக்கவில்லை. அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே.

வெண்டல் எழுந்திருக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் பச்சைக் குல்லாய் போட்டிருந்த கர்ட்டிஸும் எழுந்திருக்கவில்லை. தோற்றது அவருடைய அணி.

வெண்டலுக்கு இந்த வேளாண்மைக் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி என்றால் உயிர். கோதுமை விதைப்பைக்கூட ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வார். தோற்றாலும் நன்றாக ஆடினார்கள் என்று யாராவது ஆறுதல் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஜெயிக்க வேண்டும். அதிலும் கடற்கரை நகரத்துப் பல்கலைக்கழகத்தை ஜெயிக்க வேண்டும். மற்றதெல்லாம் தோற்று அந்த ஒன்றை ஜெயித்துவிட்டால் போதும், குளிர்காலம் நன்றாகக் கழியும்.

இன்று ஜெயித்தாகிவிட்டது. ஆனால் மனதில் ஒன்றுமே கிளம்பவில்லை.

இதுதான் கடைசி. ஒரே கல்லூரி விளையாட்டுக் கூட்டணியில் இருந்து ஒவ்வொரு நவம்பரிலும் மோதிக்கொண்ட இரண்டு அணிகள் இனி மோதப்போவதில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று கடற்கரைக்காரர்கள் கூட்டணி மாறி, நாட்டின் மறுகோடியில் இருக்கும் பணக்காரக் கல்லூரிகளோடு சேர்ந்துகொண்டார்கள். கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் வேளாண்மைக் கல்லூரியை யாரும் கூப்பிடவில்லை.

முதல் பாதி முழுக்க வெண்டல் இதைச் சொல்லித்தான் கர்ட்டிஸை வாரினார். இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பறந்து போங்கள், இறங்கியதும் இது எந்த ஊர் என்று யாரையாவது கேளுங்கள் என்றார். பக்கத்து வீட்டோடு சண்டை போடும் சுகம் முகம் தெரியாதவனோடு போட்டால் வருமா என்றார்.

கர்ட்டிஸ் படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார்.

"எங்கள யாருய்யா கேட்டா?" என்று மட்டும் சொன்னார்.

வெண்டலின் மனைவி ஃபிளாஸ்கில் கொடுத்தனுப்பிய மாட்டுக்கறி பீன்ஸ் குழம்பை இருவரும் பகிர்ந்து குடித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அவள் இரண்டு பேருக்கும் சேர்த்தே அனுப்புவாள். ஒரு தடவையும் கூட வந்ததில்லை.

ஒரு வருஷம் இங்கே, மறுவருஷம் அங்கே. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அவர்கள் சந்தித்துக்கொண்டார்கள். இடையில் போன் கிடையாது. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதும் கிடையாது. ஆட்டம் இருந்தது, வந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஓர் இளம்பெண் திரும்பினாள். சிவப்பும் பச்சையும் ஒட்டி உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எடுத்துவிட்டு, எத்தனை வருஷ சிநேகிதம் என்று விசாரித்தாள்.

கர்ட்டிஸ் மைதானத்தைப் பார்த்தார். ரொம்ப நாளாகிவிட்டது என்று வெண்டல் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

அவள் போனாள். வரிசைகள் காலியாயின. ஈரப்பனி விழ ஆரம்பித்தது.

கர்ட்டிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கையை நீட்டினார். வெண்டல் அந்தக் கையைப் பற்றினார். விடவில்லை.

"உன் பையன் எப்படி இருக்கான்?"

கர்ட்டிஸ் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை வருஷத்தில் வெண்டல் இதைக் கேட்டதே இல்லை.

இருவரின் மகன்களும் ஒரு கோடையில் ஒரே ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்து சிநேகிதமானவர்கள். ஒருவன் சிவப்பு, ஒருவன் பச்சை. அந்த வருஷம் ஆட்டம் கடற்கரையில் நடந்தது. முடிந்ததும் வெண்டலின் மகனை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கர்ட்டிஸின் மகன் காரை எடுத்தான். மலைப்பாதையில் பனி உறைந்திருந்தது. ஓட்டியவன் பிழைத்துக்கொண்டான்.

அடுத்த நவம்பரில் வெண்டல் இங்கே தனியாக உட்கார்ந்திருந்தபோது, பச்சைக் குல்லாயோடு ஒரு மனிதர் ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டு வந்தார். அடக்கத்தன்று தேவாலயத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்த மனிதர். பக்கத்து இடம் காலியா என்று கேட்டார். வெண்டல் வெகுநேரம் அவரைப் பார்த்துவிட்டு, அந்த இருக்கையில் வைத்திருந்த தன் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். அன்றிலிருந்து அப்படித்தான்.

"இருக்கான்," என்றார் கர்ட்டிஸ். "பஸ்லதான் வேலைக்குப் போறான். ஸ்டியரிங்கத் தொட மாட்டேங்குறான்."

கீழே பேண்டு வாத்தியக்காரர்கள் கல்லூரிப் பாட்டை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அது முடிந்ததும் வெண்டல் கர்ட்டிஸ் பக்கம் திரும்பினார்.

"இனி ஆட்டம் இல்ல. அவனக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா," என்றார். "அவனே ஓட்டிட்டு வரட்டும்."

கர்ட்டிஸ் பச்சைக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ரோட்டுலதான் வரணும், வெண்டல்."

"தெரியும்," என்றார் வெண்டல்.